மஞ்சளுக்கு முந்தைய தண்ணீர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "நீங்க பேசறத அப்படியே எழுதுனா ஆரு படிப்பாங்க, அத்தை? நான் புத்தகத்துல வர்ற மாதிரி எழுதறேன்" என்றாள். எப்படியோ எழுதட்டும். நடந்தது மாறாமல் இருந்தால் சரி.

எங்கள் வீடு மலைமேல், வளப்பூர் நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வேலை கீழே அடிவாரத்தில். காலையில் முதல் பஸ் ஏறி, சோளக்காடு நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏற இடித்துக்கொண்டு உட்கார்ந்து, எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கினால் அந்தப் பட்டறை. அலுமினியத்துக்கு மஞ்சள் ஏற்றுகிற பட்டறை. மஞ்சள் என்றதும் சமையல் மஞ்சளை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது குரோமேட் என்கிற ரசாயனம். கையில் பட்டால் புண்ணாகிவிடும். முதல்நாள் சூப்பர்வைசர் தம்பி இதைச் சொன்னபோது நான், "அப்ப மாமன் மச்சான் மேல ஊத்தி வெளையாட முடியாதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டிப்ளமோ படித்தவர்.

வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பேர் எதற்கு? முதலில் ஆவி பறக்கிற சோப்புத் தொட்டி. ஜாபில் இருக்கிற எண்ணெயும் பிசுக்கும் அதில்தான் போகும். ஜாப் என்றால் பட்டறைக்கு வருகிற அலுமினியச் சாமான். அப்புறம் தண்ணீர். அப்புறம் காஸ்டிக். அதில் இறக்கினால் நுரைத்துக்கொண்டு மேல்தோலைத் தின்னும். தின்று முடித்து வெளியே வரும்போது வெள்ளைச் சாமான் கரிச்சட்டி மாதிரி இருக்கும். முதல்நாள் நான் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அடுத்து ஒரு தண்ணீர், அதற்கடுத்து ஆசிட். ஆசிட்டில் முக்கியதும் கரி உதிர்ந்து வெள்ளை திரும்பும். மறுபடி தண்ணீர், அதன்பின் கடைசித் தண்ணீர், அதை விட்டால் மஞ்சள்.

கடைசித் தண்ணீரும் மஞ்சளும் என் பொறுப்பு. பட்டறைக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, குடித்தால் நாக்கு தடித்துப்போகும். கடைசித் தொட்டிக்கு மட்டும் மெஷினில் உப்பை எடுத்துவிட்டுப் பாய்ச்சுவார்கள், நிறைந்து விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும். அது எங்கள் மலை ஊற்றுத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

அந்தத் தண்ணீரிலிருந்து ஜாபைத் தூக்கியதும் பார்க்க வேண்டும். தண்ணீர் ஜாப் முழுக்க ஒரே தோலாக விரிந்து வழிந்தால் சுத்தம். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது, மஞ்சள் பிடிக்காது. சுத்தமாக இருந்தால் மஞ்சளில் இறக்கிவிட்டு நான் வளைவு எண்ணுவேன். கடிகாரம் பார்க்கத் தெரியாது, வளைவு தெரியும். சோளக்காட்டை விட்ட பஸ் அடிவாரம் சேரும்வரை மனசுக்குள் ஒவ்வொரு வளைவாகத் திரும்புவேன். இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, எழுபதாவதில் தூக்கினால் சரியாக இருக்கும். சூப்பர்வைசர் தம்பி செல்லில் நேரம் வைத்து ஒருமுறை சோதித்தார். "எப்படீங்கம்மா?" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்காதவர் இதற்குச் சிரித்துவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

தூக்கும்போது அது ஒரு நிறம். தங்கம் மாதிரி, சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் ரோசும் பச்சையும் ஓடும், பொன்வண்டு முதுகு மாதிரி. ஈரத்தில் விரல் வைத்தால் அப்படியே உரிந்து வந்துவிடும். ஒருநாள் ஆறினால்தான் கெட்டியாகும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பிடித்துக்கொள்ளுமாம், அடிக்காவிட்டாலும் வெள்ளையாகத் துரு பூக்காதாம். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. நிறத்தைப் பார்க்கத்தான் நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அவர் செத்த கதைக்கு வருகிறேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். மிளகுக் கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே மரத்தில் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து நான் இரண்டு முறை சத்தம் போட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கால் மரத்துப்போனால் நம் காலையே தொட்டுப் பார்ப்போமே, வேறு யாருடைய காலோ மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோறு உள்ளே போனது. தூக்கமும் வந்தது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். பட்டறையில் பெண்கள் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சோப்புத் தொட்டிக்காரி மட்டும், "சாப்பிட்டீங்களா அம்மாயி?" என்று கேட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிவாரத்து ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். அவள் பிள்ளைகள் என்னை அம்மாயி என்று கூப்பிட, அவளுக்கும் நான் அம்மாயி ஆகிவிட்டேன். அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. வாய் ஓயாது. தொட்டியில் ஜாப் இருக்கும்போதும் செல்லில் பேசுவாள். அவளுடைய மகள் அப்போது பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பச்சை உடம்புக்காரி என்று மணிக்கொருமுறை விசாரிப்பாள். "இன்னொருக்கா தொட்டிகிட்ட போன் பேசறதப் பார்த்தேன், அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவளுக்கு இந்த வேலையை விட்டால் காட்டு வேலைதான். இடுப்பில் வலியோடு குனிந்து களை வெட்ட அவளால் ஆகாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா. அவர் சாகிறதற்கு முன்னால் ஒரு காயைத் தட்டிப் பார்த்து, "இன்னும் பத்து நாளு" என்றார். பத்து நாள் கழித்து அது மணத்தது. அவர் இல்லை. மருமகள் அறுக்கட்டுமா என்றாள். இந்த வீட்டில் அறுக்க வேண்டாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. துக்கம் என்றும் சொல்ல முடியாது. சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "ஏனுங்கம்மா, இதுக்கும் ஒரு சீட்டு வாங்கோணுமாட்ட இருக்குதே."

"மடியில வெச்சுக்கறேன் சாமி. கொழந்தைக்கெல்லாம் நீங்க டிக்கெட்டு கேக்க மாட்டீங்கல்ல" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்புக்கு ஒன்றும் குறைவில்லை, அதுபாட்டுக்கு வந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குள் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பலா அறுக்கிறவர்களுக்குத் தெரியும், எண்ணெய் இல்லாமல் தொட்டால் பால் கையை விடாது. மருந்துப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டு, அரிவாளுக்கும் தடவி, பிளந்தேன். சுளை ஒவ்வொன்றும் விரல் நீளம். "தேனுங்க அம்மாயி!" என்று சோப்புத் தொட்டிக்காரி எட்டுச் சுளை தின்றாள், மகளுக்கென்று ஒரு டப்பாவில் வேறு அமுக்கி வைத்துக்கொண்டாள். நான் ஒரு சுளை வாயில் போட்டேன். இனிப்பு இருந்தது. இருந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் எழுந்து போனபின் கை கழுவப் போனேன். வெளியே உப்புத் தண்ணீர்க் குழாய். அதைத் திறந்து கையை நீட்டினேன். எண்ணெயும் பாலும் உப்புத் தண்ணீருமாகச் சேர்ந்து தோல் கழுதைத் தோல் மாதிரி ஆனது. உள்ளே திரும்பி வந்தேன். கடைசித் தண்ணீர் அசையாமல் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் வால்வை மூடிவிடுவோம், அதனால் வழியாது. கையை முழங்கை வரை அதில் விட்டு அலசினேன். எங்கள் ஊற்றில் கழுவுகிற மாதிரியே இருந்தது. அரிவாளையும் அலசினேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளவுஸ் மாட்டினேன். அந்தத் தொட்டியின் அருமை அந்தப் பட்டறையிலேயே எனக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது தொட்டி என்றே தோன்றவில்லை. நல்ல தண்ணீர் என்றுதான் தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் வந்தது உள்ளங்கை அகலத் தகடுகள், நடுவில் துளை. ஏதோ மெஷினுக்கு மூடி. முதலில் நான்கு கூடை போட்டோம். நான் வளைவு எண்ணினேன், இறக்கினேன், தூக்கினேன். தண்ணீர் விரிகிறதா திரள்கிறதா என்று பார்த்தேனா? கண் பார்த்தது. மனசு பார்த்ததா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நிறையக் காரியம் அப்படித்தான் நடந்தது.

காய வைத்த இடத்திலிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது. போய்ப் பார்த்தால் நான்கு கூடைத் தகடுகளிலும் தேமல். மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அதற்கப்புறம் போட்ட கூடைகள் நன்றாக இருந்தன.

அவர் யோசிக்கவே இல்லை. நேராக சோப்புத் தொட்டிக்குப் போனார். "மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் போன் பேசுனீங்களா இல்லையா?"

"கொழந்தைக்கு வவுறு சரியில்லைன்னு…"

"பேசுனீங்களா இல்லையா?"

"பேசுனேனுங்க."

"எண்ணெய் போறதுக்கு முன்னால தூக்கிட்டீங்க. நாலு கூடை. நாளைக்கு ஓனர் வர்றாரு. நாளையோட நின்னுக்கங்க."

அவள் செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது, தான்தான் கெடுத்தோம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாவம் என்று நினைத்தேனா? அதுகூட நினைவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதால் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அந்த மருந்துப் பாட்டிலை வாசல் வாளியில் முக்கிக் கழுவினேன். மருமகள் அதே வாளியில் எவர்சில்வர் சொம்பை விட்டு மொண்டாள். சொம்பை அவள் தூக்கும்போது வெளிப்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. வாளித் தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு படலம்.

"இருடி" என்றேன். "அந்தச் சொம்ப இன்னொருக்கா முக்கு."

"காலங்காத்தால என்னுங்கத்தை வெளையாட்டு?"

"முக்கு."

முக்கித் தூக்கினாள். மறுபடி முத்து. சொம்பு சுத்தமானதுதான். அது தண்ணீரின் மேற்படலத்தைத் தாண்டி வருகிறபோது எண்ணெயைப் போர்த்திக்கொண்டு வருகிறது. சோப்புத் தொட்டிக்காரி அனுப்பிய தகடுகள் சுத்தமாகத்தான் வந்தன. என் தண்ணீரில் முங்கி எழுந்தபோதுதான் அழுக்காயின. வால்வைத் திறந்தபின் படலம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போய்விட்டது. அதனால் அடுத்த கூடைகள் தப்பித்தன.

பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன். நான் கை கழுவியதை யாரும் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் அவள் போவாள், நான் இருப்பேன். சொன்னால் நான் போவேன். மஞ்சளும் போகும். பயம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கம் வருகிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் கண்ணுக்குள் இருந்தது. வேறு எதுவும் உறைக்காத அந்த நாட்களில் அது ஒன்றுதான் உறைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. இறங்கினேன், போனேன், சொன்னேன்.

"தம்பி, அது அவ இல்லீங்க. நானு."

சூப்பர்வைசர் பேனாவைக் கீழே வைத்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, "அவங்களக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க" என்றார். "அத்தாந்தண்டித் தொட்டி. கையில இருந்த எண்ணெய் என்னத்துக்கு ஆகும்?"

எனக்குக் கோபம் வந்தது. நான் செய்த தப்பை நான் செய்யவில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் வராது? ஒரு வாளியில் கடைசித் தண்ணீர் பிடித்தேன். பழைய தகடு ஒன்றை எடுத்து, சோப்பிலிருந்து ஆசிட் வரைக்கும் எல்லாம் செய்து, அந்த வாளியில் முக்கித் தூக்கிக் காட்டினேன். தண்ணீர் ஒரே தோலாக விரிந்தது. பிறகு என் தலையில் சுண்டுவிரலைத் தேய்த்தேன். காலையில் எண்ணெய் வைத்துத்தான் தலை வாரியிருந்தேன். விரல் நுனியை வாளித் தண்ணீரில் தொட்டேன். அதே தகட்டை மறுபடி முக்கித் தூக்கினேன். தோல் கிழிந்துபோய் முத்து முத்தாக நின்றது.

அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, அத்தனை தெரிஞ்சவங்க, அதுல போயி கை கழுவலாங்களா?"

"நல்ல தண்ணியா இருந்துச்சு சாமி" என்றேன். அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை.

சோப்புத் தொட்டிக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைக்காதீர்கள். "ராத்திரி பூரா நான் தூங்கல" என்றாள். "எம் புள்ள கேக்குது, ஏம்மா அழுவறேன்னு. நீங்க நல்லாத் தூங்குனீங்களா அம்மாயி?"

"தூங்குனேன் கண்ணு."

"தூங்குவீங்க."

அந்த ஒரு வார்த்தை நன்றாகவே தைத்தது.

ஓனர் வருவதற்குள் நான்கு கூடையையும் சரிசெய்ய வேண்டும். தேமல் மஞ்சளைக் காஸ்டிக்கில் போட்டு உரித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றலாம். ஆனால் ஒருமுறைதான். காஸ்டிக் ஒவ்வொரு முறையும் தகட்டைத் தின்னும், நடுத்துளை பெரிதாகிவிடும், அப்புறம் அது குப்பைக்குத்தான். சூப்பர்வைசர் கடைசித் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, புதுத் தண்ணீர் விடச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் தேய்த்தோம். அவள் உள்ளே இறங்கித் தேய்த்தாள், நான் வெளியே நின்று வாரிக் கொட்டினேன்.

"இன்னும் எண்ணெய் இருக்குதான்னு பாருங்க. பலாச்சுளை ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்லடி."

"அரிவாளு?"

"பையில இருக்குது."

"அது இருக்கட்டும். ஓனர் வந்தா எனக்கு வேணும்."

அவள் வாய் திறந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

உரித்தோம், கழுவினோம், கரியைப் போக்கினோம். ஒவ்வொரு தகட்டையும் தூக்கி இரண்டு பேரும் பார்த்தோம். அவள் ஒரு பக்கம், நான் மறு பக்கம். தண்ணீர் விரிந்தால் மஞ்சள். நான் எண்ணினேன். எண்ணும்போது அவள் பேசினால் வளைவு தவறும் என்பதால் கையைக் காட்டுவேன், அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான்காவது கூடையும் தூக்கியபோது தேமல் ஒன்றுகூட இல்லை. சூப்பர்வைசர் துளைகளை அளந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

ஓனர் வந்தார். உள்ளே அவரும் சூப்பர்வைசரும் பேசினார்கள். வெளியே வந்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு பேரும் இருங்க. இடம் மட்டும் மாத்திக்கங்க. அம்மா சோப்புக்குப் போங்க. இனிமே அவங்க மஞ்சளப் பார்க்கட்டும்" என்றார்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல? சோப்புத் தொட்டியிலிருந்து பார்த்தால் மஞ்சள் தொட்டி ரொம்ப தூரம். நடுவில் ஆவி வேறு. யாரோ ஒரு ஜாபைத் தூக்குகிறார்கள் என்று தெரியும், நிறம் தெரியாது. முதல் இரண்டு நாள் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. வீட்டுக்குப் போய் மருமகளிடம் சொன்னேன். மாமா செத்ததற்கு அழாதவள் இதற்கா என்பது போலப் பார்த்தாள். நான் அழவில்லை. என்னவோ செய்தது என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்தக் கோடியிலிருந்து அவள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"அம்மாயி! இங்க வாங்க! இது விரியுதா திரளுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்குது!"

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். அவள் ஜாபைத் தண்ணீரிலிருந்து தூக்கி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஓரத்துல பாரு, லேசா கிழியுது" என்றேன். "மறுபடி சோப்புக்குக் குடு. நான் போட்டுத் தாரேன்."